கிறிஸ்மஸ் 26-ஆம் தேதியும் இருக்கிறது: நம் லுத்தரன் போதகர்களுக்கும் சபைச் சங்கத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், குருசேகரங்களின் சபைச் சங்கத்தாருக்கும்,

ஆண்டவரின் நாமத்தில் வாழ்த்துகள்.

கிறிஸ்மஸுக்குப் பின்வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பற்றி நம்மில் யாரும் பேசுவதில்லை. அன்றைக்குக் கோவிலில் ஆள் இருந்தால்தானே பேசுவதற்கு? 25-ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்கு, வாசல் வரை நாற்காலி போட்டும் இடம் போதாமல் நின்ற சபை, அந்த ஞாயிறில் முன்வரிசை பெஞ்சுகளுக்குள் அடங்கிவிடுகிறது. பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. போதகர் சொந்த ஊருக்குப் போயிருக்கிறார், அல்லது கிளைச் சபைகளில் திருவிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிரசங்க பீடத்தில் விடுமுறைக்கு வந்த இறையியல் மாணவர் ஒருவர். குழந்தை இயேசுவை ஆலயத்தில் கண்ட முதியவர்கள் சிமியோனையும் அன்னாளையும் பற்றிப் பேச வேண்டிய நாளில், வருஷக் கடைசியில் நம்மை நாமே சோதித்துப் பார்ப்போம் என்று பொதுவாக ஏதோ சொல்லி முடித்துவிடுகிறார். பாவம், அவரிடம் சனிக்கிழமை சாயங்காலம்தான் சொல்லியிருப்பார்கள். பீடத்தில் வெள்ளைத் துணி விரித்தபடியே இருக்கிறது. இன்னும் ஏன் வெள்ளை என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். கிறிஸ்மஸை 25-ஆம் தேதியோடு முடித்துவிடாதீர்கள். அதன் பன்னிரண்டு நாட்களிலும், சாஸ்திரிகள் வந்து பணிந்ததை நினைக்கிற, ஜனவரி 6-இல் வரும் பிரசன்னத் திருநாளிலும், அதைத் தொடரும் ஞாயிறுகளிலும் அந்தந்த நாளுக்குரிய சுவிசேஷத்தை எடுத்துப் பிரசங்கியுங்கள். முன்னணையில் கிடத்தப்பட்ட பிள்ளை யார் என்று சொல்லும் வேதபாடங்கள் பெரும்பாலும் 25-க்குப் பிறகுதான் வருகின்றன. நாமோ பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு, பிறந்தவர் யார் என்று கேட்கிற நேரத்தில் கலைந்துபோகிறோம்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சபையில் வேதபாடம் வாசிக்கிறவள். என் சபையின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இது ஒரு போதகர் மீது கொடுத்த புகாராகிவிடும். சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிற ஊர்களிலும் இதே கதைதான்.

முதலில் கேரல் ரவுண்ட்ஸ். அதை நிறுத்தச் சொல்கிறேன் என்று வாலிபர் சங்கத்தார் நினைத்துவிட வேண்டாம். மார்கழிப் பனியில் மப்ளர் கட்டிக்கொண்டு, டிரம்மும் கித்தாரும் கிறிஸ்மஸ் தாத்தாவுமாக அவர்கள் தெருத்தெருவாய்ப் போவது எனக்குப் பிடிக்கும். நடு ராத்திரியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்கும் பிள்ளைகள், தட்டில் முறுக்கு, பிளாஸ்க்கில் டீ, உறையில் காணிக்கை, படுக்கையில் கிடக்கும் பாட்டிக்காக ஒரு ஜெபம். வருஷம் முழுவதும் யாரும் எட்டிப் பார்க்காத வீட்டுக்கும் அன்று ஒரு வசனம் போய்ச் சேருகிறது. ஆனால் சில சபைகளில் இது டிசம்பர் முதல் வாரமே தொடங்கி, ரசீதுப் புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. போன வருஷத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வி.

அப்புறம் செமி கிறிஸ்மஸ், அதாவது 25-க்கு முன்பே வைக்கிற கிறிஸ்மஸ் விழா. பள்ளியில் ஒன்று, ஆபீஸில் ஒன்று, பெண்கள் சங்கத்தில் ஒன்று, குடியிருப்பு சங்கத்தில் ஒன்று. ஊதாத் துணி விரித்துக் காத்திருக்க வேண்டிய, கிறிஸ்மஸுக்கு முந்தின நான்கு அட்வெந்து ஞாயிறுகளும் கேக் வெட்டுவதிலேயே போய்விடுகின்றன. யோவான்ஸ்நானகன் வனாந்தரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்; நாம் மைக் டெஸ்டிங்கில் இருக்கிறோம். 24-ஆம் தேதி ராத்திரி வருவதற்குள் பிறப்பின் பாட்டுகள் அத்தனையும் பாடிப் பாடி அலுத்துவிடுகின்றன. அலுத்துப்போனதை 26-ஆம் தேதி யார் தொடர்வார்கள்?

போதகர்களின் பாடும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு குருசேகரத்தில் தாய்ச் சபையும் அதைச் சுற்றி ஐந்தாறு கிளைச் சபைகளும் இருந்தால், டிசம்பர் 24 சாயங்காலத்திலிருந்து 25 மத்தியானம் வரை அவர் பைக்கைவிட்டு இறங்குவதில்லை. அதே பிரசங்கம், அதே திருவிருந்து, ஊருக்கு ஒரு தடவை. அதற்கு முந்தின மூன்று வாரமும் எல்லாருடைய விழாவிலும் அவர்தான் ஜெபம் செய்ய வேண்டும், வாழ்த்துரை சொல்ல வேண்டும், அரசியல் பிரமுகர் வந்து சேரும் வரை கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கவும் வேண்டும். 26-ஆம் தேதி அந்த மனிதர் பிரசங்கக் குறிப்பு எழுத உட்காருவாரா, தூங்குவாரா? ஆகவே இந்த மடலில் பாதி போதகர்களுக்கு; மீதி பாதி அவர்களுடைய நாட்களைச் செலவழிக்கிற சங்கத்தாருக்கு.

நம் சபைகளின் பழக்கம் தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. மார்ட்டின் லுத்தர் 1521-இல் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்தபோது புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார் என்பது ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே கோட்டையில், அதே தலைமறைவுக் காலத்தில் அவர் கிறிஸ்மஸ் பிரசங்கத் தொகுப்பு ஒன்றையும் எழுதினார். அது 1522-இல் அச்சாகி வந்தது. கிறிஸ்மஸ் ஆராதனைகளுக்கான பிரசங்கங்களில் தொடங்கி, ஸ்தேவானின் நாள், யோவானின் நாள், கிறிஸ்மஸுக்குப் பின்வரும் ஞாயிறு, புத்தாண்டு நாள் என்று போய் பிரசன்னத் திருநாளில் முடிகிற புத்தகம் அது. தலைமறைவாக இருக்கிற ஒருவர், திருச்சபையே இரண்டாகிக்கொண்டிருக்கிற நேரத்தில், பன்னிரண்டு நாட்களில் வரும் திருநாட்களுக்குப் பிரசங்கம் எழுத உட்கார்ந்திருக்கிறார். பிரசன்னத் திருநாளுக்கு அவர் எழுதியது ஒரு தனிப் புத்தகம் போடுகிற அளவுக்கு நீளம். படிக்காத, தயாராகாத போதகர்கள் சபைக்கு இதையாவது வாசித்துக் காட்டட்டும் என்பதற்காகவும்தான் இப்படிப்பட்ட தொகுப்புகள் அந்த நாளில் எழுதப்பட்டன. இந்தக் கடைசி விஷயத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று லைப்சிக். நம் தரங்கம்பாடி மிஷன் ஊழியத்தை 19-ஆம் நூற்றாண்டில் எடுத்து நடத்திய மிஷன் சங்கத்தின் ஊர். அதற்கு நூறு வருஷத்துக்கு முன் அங்கே கோவில் இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் இசையமைப்பாளர் பாக். வேதக் கதையைப் பாட்டாகச் சொல்கிற அவருடைய கிறிஸ்மஸ் ஒரட்டோரியோவை இப்போது கச்சேரி அரங்குகளில் ஒன்றிரண்டு மாலைகளில் கேட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் 1734 டிசம்பரில் தொடங்கி அது ஆறு பகுதிகளாக ஆறு நாள் ஆராதனைகளில் பாடப்பட்டது: டிசம்பர் 25, 26, 27, ஜனவரி 1, புத்தாண்டுக்குப் பின்வந்த ஞாயிறு, கடைசியாக ஜனவரி 6. பிறப்பு ஒரு நாள், மேய்ப்பர்களுக்கு இரண்டு நாள், பெயரிடுதல் ஒரு நாள், சாஸ்திரிகளின் பயணமும் பணிதலும் இரண்டு நாள். அந்த ஊர் லுத்தரன்மார்கள் கதையின் முடிவு கேட்க ஜனவரி 6 வரை கோவிலுக்கு வந்தார்கள். நம் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் மேய்ப்பர்களும் சாஸ்திரிகளும் ஏரோதும் ஒரே மேடையில், ஒரே பத்து நிமிடத்தில் வந்துவிட்டுப் போகிறார்கள். சாஸ்திரிகள் வந்தது ஒரு வீட்டுக்கு என்று மத்தேயு எழுதியிருக்கிறார். நாம் அவர்களையும் தொழுவத்துக்குள் தள்ளிவிட்டோம். சரி, பிள்ளைகள் நாடகம், போகட்டும். பிரசங்கமும் அப்படியே இருப்பதுதான் வருத்தம்.

டிசம்பர் 26 ஸ்தேவானின் நாள். பிறப்புக்கு மறுநாளே திருச்சபை தன் முதல் இரத்தசாட்சியை நினைக்கிறது. 28 குற்றமில்லாக் குழந்தைகளின் நாள். ஏரோது பெத்லெகேமின் பிள்ளைகளைக் கொன்றதையும், யோசேப்பு தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடினதையும் வாசிக்கிற நாள். ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் அடையமாட்டேன் என்கிறாள். சீரியல் பல்புகளுக்கு நடுவில் இதை யார் வாசிப்பார்கள் என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26 எந்தக் கிழமை என்று நினைத்துப் பாருங்கள். ஞாயிறு, கிறிஸ்மஸுக்குப் பின்வரும் ஞாயிறு. அன்று காலையில்தான் கடல் ஊருக்குள் வந்தது. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் திருச்சபை தொடங்கிய தரங்கம்பாடிக் கரையும் அதில் தப்பவில்லை. செத்தவர்களில் எத்தனை குழந்தைகள் என்பது அந்தக் கரையில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வாரத்தில் நம்மிடம் ஒரு சொல் இருந்தது. பல நூற்றாண்டுகளாகச் சபை அந்த நாட்களில் வாசித்து வந்த சொல். குழந்தைகள் சாகிறார்கள், தாய்மார் ஆறுதல் அடையமாட்டோம் என்கிறார்கள், அந்த அழுகையைச் சுவிசேஷமே எழுதி வைத்திருக்கிறது. உடனே சமாதானம் சொல்லி வாயை அடைக்கவில்லை. கடவுள் தண்டித்தார் என்று பேசினவர்களுக்கு நடுவில், அந்தப் பாடத்தை எடுத்துச் சபைக்கு முன் வைத்திருந்தால் போதும். ஆனால் வழக்கமாகப் பிரசங்கிக்காத பாடம் ஆபத்து நேரத்தில் போதகரின் கைக்குச் சட்டென்று எட்டாது; சபையின் காதுக்கும் பழகியிருக்காது. அதற்காகத்தான் எல்லாம் நன்றாக இருக்கிற வருஷங்களிலும் 28-ஆம் தேதியை விடக் கூடாது என்கிறேன். கடற்கரைச் சபைகள் 26-ஐ ஒரு ஜெபத்தோடு நினைக்கின்றன. நல்லது. மற்ற சபைகளும் கூட நிற்கலாமே.

எகிப்துக்கு ஓடிய குடும்பத்தைப் பிரசங்கிக்க நாம் தூரமாகவும் போக வேண்டியதில்லை. 1983-க்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கிய ஈழத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். லுத்தர் ஒரு கிறிஸ்மஸ் பிரசங்கத்தில் சபையாரைக் கேலி செய்வார்: நான் மட்டும் அன்றைக்குப் பெத்லெகேமில் இருந்திருந்தால் ஓடிப்போய் அந்தப் பிள்ளைக்கு உதவியிருப்பேன், துணி துவைத்துக் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறீர்களே, இப்போது செய்யுங்களேன், கிறிஸ்து உங்கள் அயலானில் இருக்கிறாரே என்று. கேரல் ரவுண்ட்ஸ் போகிற வண்டி, 28-ஆம் தேதி ஒரு முகாமுக்குப் போனால் என்ன? உறை இல்லாமல், ரசீதுப் புத்தகம் இல்லாமல்.

இதே டிசம்பர் 28-க்கு நம் சபையில் இன்னொரு நினைவும் உண்டு. 1733-இல் அந்தத் தேதியில்தான் தரங்கம்பாடியில் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபைகளில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர். உபதேசியாராக இருந்து போதகரானவர். கிறிஸ்மஸ் நாட்களில் நடந்த இந்தக் காரியத்தை நினைக்க நமக்கு ஒரு ஆராதனை இல்லை. வெள்ளைக்கார மிஷனெரிமார்களின் நூற்றாண்டுகளை மட்டும் பேனர் கட்டிக் கொண்டாடுகிறோம்.

இப்போது புத்தாண்டு. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு வருகிற கூட்டம் பல ஊர்களில் கிறிஸ்மஸ் கூட்டத்தைவிடப் பெரிது. வருகிறவர்களில் பாதிப் பேர் காத்திருப்பது வாக்குத்தத்த வசனத்துக்கு. அட்டையில் பூப்போட்டு அச்சடித்த வசனம்; குடும்பத்துக்கு ஒன்று. இந்த வருஷம் உன்னை உயர்த்துவேன், பெருகப்பண்ணுவேன், கடன் வாங்காமல் கடன் கொடுப்பாய் என்கிற வகை. எரேமியா 29-இலிருந்து சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற 11-ஆம் வசனம் எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

ஜனவரி 1-க்கு நம் வேதபாட அட்டவணை தருவது லூக்கா 2:21. ஒரே ஒரு வசனம். எட்டாம் நாளில் பிள்ளைக்கு விருத்தசேதனம், இயேசு என்று பெயர். அவ்வளவுதான். லுத்தர் வார்ட்பர்க்கில் எழுதிய புத்தாண்டுப் பிரசங்கம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? இந்த நாளில் பிரசங்க பீடத்திலிருந்து ஆளாளுக்குப் புத்தாண்டைப் பங்கிட்டுக் கொடுப்பது ஒரு வழக்கமாக இருக்கிறது, பிரசங்கிக்க வேறு உருப்படியான விஷயமே இல்லாதது போல. நமக்கோ சுவிசேஷம் விருத்தசேதனத்தையும் இயேசுவின் நாமத்தையும் பற்றிப் பேசச் சொல்கிறது, அதைப் பேசுவோம் என்று ஆரம்பிக்கிறார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்! அட்டை மட்டும்தான் அப்போது இல்லை.

அட்டையை ஒழிக்கச் சொல்லவில்லை. வசனம் எடுக்கிற வழக்கம் நம் சொந்தக்காரர்களிடமும் உண்டு. ஹெர்ன்ஹூட் சகோதர சபையார் 1731 முதல் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் என்று அச்சிட்டு வருகிறார்கள். அவர்கள் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தவர்கள்தான். ஜெர்மனியில் 1930 முதல் ஆண்டு வசனம் ஒன்றும் இருக்கிறது. அதை எல்லாச் சபைகளும் பொதுவாக, வருஷங்களுக்கு முன்னதாகவே தேர்ந்தெடுத்து வைக்கிறார்கள். சில வருஷம் அது கண்டிக்கிற வசனமாகவும் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு வருகிற லாப நஷ்டத்தை முன்கூட்டிச் சொல்கிற சீட்டு அது அல்ல. நீங்களும் அட்டை கொடுங்கள். ஆனால் அட்டைக்கு முன் அந்த ஒரு வசனத்தைப் பிரசங்கியுங்கள். எட்டு நாள் குழந்தை நியாயப்பிரமாணத்துக்குக் கீழே வந்து முதல் துளி இரத்தம் சிந்துகிறது, அது நமக்காக. வரப்போகிற வருஷத்தில் வேலை போகலாம், ஆபரேஷன் வரலாம், அப்போதும் அழைக்க ஒரு நாமம் இருக்கிறது. உயர்த்துவேன் என்ற அட்டை மார்ச் மாதத்திலேயே பொய்யாகிவிட்ட வீடுகளை நான் அறிவேன். அவர்கள் யாரிடமும் சொல்ல முடியாமல், தங்கள் விசுவாசம்தான் குறைவு என்று வெட்கப்படுகிறார்கள்.

அடுத்தது பிரசன்னத் திருநாள். பெரும்பாலும் வேலை நாளில் வருகிறது, பள்ளிகள் திறந்துவிடுகின்றன, யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. நம் தமிழ்ச் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் மூன்று பேராயர்களும் ஸ்வீடன்காரர்கள்; அவர்கள் நாட்டில் ஜனவரி 6 இன்றைக்கும் அரசு விடுமுறை. நமக்கு விடுமுறை கேட்கவில்லை. பக்கத்துக் கத்தோலிக்கக் கோவிலில் செய்வதுபோல அருகில் இருக்கிற ஞாயிறில் கொண்டாடலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்றால், இது நம் திருநாள். யூதர் அல்லாத நாம் உள்ளே வந்த வாசல் இதுதான். வேதபாரகருக்கு மீகாவின் வசனம் மனப்பாடம். பெத்லெகேம் எருசலேமிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நட்சத்திரம் பார்க்கிற அந்நியர்கள் கிழக்கிலிருந்து அவ்வளவு தூரம் வந்தார்கள். அவர்களையும் நட்சத்திரம் எருசலேம் வரைதான் கொண்டுவந்தது. எந்த ஊர் என்று கடைசியில் சொன்னது தீர்க்கதரிசியின் எழுத்து. லுத்தர் இந்த இடத்தில் நின்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். வெளிச்சத்தையும் அறிகுறியையும் தேடி அலையாதே, வசனத்தில் தேடு என்பது அதன் சாரம். கல்யாணத்துக்கு முன் ரகசியமாக ஜாதகம் பார்க்கிற நம் குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பிரசங்கம் வேறு எது?

அன்றைய நிருபம் எபேசியர் 3. புறஜாதியாரும் உடன் சுதந்தரர், ஒரே சரீரம் என்று பவுல் சொல்கிற இடம். 1707-இல் தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்க் ஊழியத்தில் முதலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். நம் சபையின் முதல் குடும்பம் அவர்கள். அதன்பின் அதே சபைகளில் சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைத்ததும், 19-ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மிஷனெரிமார் அதற்கு இடம் கொடுக்கிறார்கள் என்று மற்ற மிஷன்கள் சண்டை போட்டதும் சரித்திரம். இன்றைக்கு பெஞ்ச் ஒன்றுதான். கல்லறைத் தோட்டம் எல்லா ஊரிலும் ஒன்றா? வரன் தேடும்போது ஒன்றா? சங்கத் தேர்தலில் ஓட்டு எண்ணும்போது ஒன்றா? எபேசியர் 3-ஐ நானே பீடத்தில் நின்று வாசித்துவிட்டு இறங்கியிருக்கிறேன்; அதைத் தொட்டு ஒரு பிரசங்கம் கேட்டதில்லை. நம் திருச்சபை தனித் திருச்சபையாக உருவான 1919 ஜனவரி 14-ம் பிரசன்ன காலத்துக்குள்தான் வருகிறது. பொங்கல் லீவில் அது கரைந்துபோகிறது.

அதற்குப் பின்வரும் ஞாயிறுகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: ஆண்டவர் யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற ஞாயிறு. நம் பிள்ளைகளைக் கைக்குழந்தையில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருகிறோம். திடப்படுத்தலுக்கு முன் லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். காலேஜ் போனதும் வேறொரு ஜெபக் கூட்டத்தில், நீ எடுத்தது ஞானஸ்நானமே அல்ல, வந்து முழுக்கு எடு என்கிறார்கள். பிள்ளை திரும்பிவந்து வீட்டில் கேட்கிறது. அப்பா அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. போதகரிடம் போனால் அவருக்குக் கோபம்தான் வருகிறது. கோபப்பட்டு என்ன செய்ய? அந்தப் பிள்ளை இருபது வருஷம் நம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுக்கிறவர் கடவுள், நம் வயதும் உணர்ச்சியும் அதைக் கூட்டுவதுமில்லை குறைப்பதுமில்லை என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை, இந்த ஞாயிறில், எல்லாருக்கும் புரிகிற தமிழில் சொல்லியிருந்தால், கேள்வி வரும்போது ஒன்றிரண்டு வாக்கியமாவது ஞாபகம் வந்திருக்கும். பழைய ஆதாம் தினந்தோறும் முழுகிச் சாக வேண்டும் என்று ஞானோபதேசத்தில் எவ்வளவு வலுவாக இருக்கிறது. முழுக்கைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று யார் சொன்னது?

கானா ஊர்க் கலியாணம், நூற்றுக்கு அதிபதியின் விசுவாசம், கடைசியில் மறுரூப மலை என்று லெந்து என்ற தவக்காலம் வரை போகிற வரிசையைப் போதகர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். அதற்கு நடுவில் சங்க ஞாயிறு, கணக்கு ஞாயிறு, ஆண்டுக் கூட்டம் என்று நுழைப்பது யார் என்பதைச் சங்கத்தார் நன்றாக அறிவார்கள்.

சரி, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். சங்கத்தாரே, போதகரின் வருடாந்தர விடுப்பைப் பிரசன்னத் திருநாளுக்குப் பிறகு வைத்துக்கொடுங்கள். டிசம்பரில் அவர் தலைகாட்ட வேண்டிய விழாக்களில் பாதியை மூப்பர்களே போய் நடத்தலாம். வாழ்த்துரைக்குக் குருப்பட்டம் தேவையில்லை. பிள்ளைகளின் நாடகத்தையும் கிறிஸ்மஸ் மர விழாவையும் 26-க்கும் ஜனவரி 6-க்கும் நடுவில் மாற்றுங்கள். அரையாண்டு விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிற நாட்கள் அவை, கூட்டத்துக்குக் குறைவிருக்காது. சாஸ்திரிகள் தனியாக, பிரசன்ன ஞாயிறில், நிதானமாக வரட்டும்.

போதகர்களே, லுத்தர் செய்ததை நீங்கள் சேர்ந்து செய்யலாம். அக்கம்பக்கத்துக் குருசேகரப் போதகர்கள் சிலர் ஆளுக்கு ஒரு பிரசங்கம் எழுதுங்கள்: ஸ்தேவானுக்கு ஒன்று, குழந்தைகளின் நாளுக்கு ஒன்று, பின்வரும் ஞாயிறுக்கு ஒன்று, பெயரிடுதலுக்கு ஒன்று, பிரசன்னத்துக்கு ஒன்று, ஞானஸ்நான ஞாயிறுக்கு ஒன்று. பத்து நிமிடத்தில் வாசிக்கிற அளவு, பெரிய எழுத்து. 1713-இலேயே தமிழில் அச்சடித்த சபை நாம்; ஒரு சிறு புத்தகம் போடுவது பெரிய காரியமில்லை. போதகர் வர முடியாத கிளைச் சபையில் உபதேசியாரோ மூப்பரோ அதை வாசிக்கட்டும். அன்றைக்குப் பத்துப் பேர்தான் வந்தாலும் அந்தப் பத்துப் பேருக்குச் சிமியோனைப் பற்றிக் கேட்கிற உரிமை இருக்கிறது. வருவதும் பெரும்பாலும் சிமியோன், அன்னாள் வயதுக்காரர்கள்தான்.

பிழை திருத்தவும் டைப் அடிக்கவும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு சபையிலும் இருக்கிறார்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். இந்த மடலைச் சங்கக் கூட்டத்தில் முழுவதும் வாசிக்க நேரம் இருக்காது. டிசம்பர் நிகழ்ச்சி நிரல் போடுகிற அன்றைக்கு, 25-க்குப் பின்வரும் ஞாயிறில் பிரசங்கம் யார், எந்தப் பாடத்தில் என்ற ஒரு வரியையாவது அதில் சேர்த்துவிடுங்கள். பெயர் போடும் இடத்தைக் காலியாக விட வேண்டாம்.

கிறிஸ்துவுக்குள்,
வேதபாடம் வாசிக்கும் ஒரு சபை அங்கத்தினள்